ஆறேகால் மணி ஈரம்

புதிதாக வந்து சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தை அரை மணி நேரம் சொல்ல வேண்டும் என்று கேட்டார்கள். என்னைப் பேசவிட்டால் நிறுத்துவதற்குத் தனியாக ஓர் ஆள் போட வேண்டும் என்பது நம் தொலையுணர்வு மையத்தில் பழைய ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். அதனால், பேசவில்லை, எழுதியே தருகிறேன் என்றேன். அந்தப் பக்கம் நிம்மதிப் பெருமூச்சு விட்டது போனிலேயே கேட்டது.

ரேடார் எப்படி வேலை செய்கிறது, படத்தை எப்படிச் சுத்தம் செய்வது, மண்ணின் ஈரத்துக்கு எந்தச் சமன்பாடு என்பதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதையெல்லாம் என்னைவிட நன்றாகப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். நான் சொல்லப் போவது நான் செய்த ஒரு மடத்தனத்தை. லேசுப்பட்ட மடத்தனம் இல்லை. நாற்பத்தைந்து வயதில், டாக்டர் பட்டம் வாங்கிய கையை ஆகாயத்தை நோக்கித் தூக்கி, எண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில் போய்க்கொண்டிருந்த ஒரு சாட்டிலைட்டுக்கு டாட்டா காட்டினேன். அந்த டாட்டாவால் முப்பது குடும்பங்களின் பிழைப்பு போக இருந்தது. இப்போது அதை நினைத்துச் சிரிக்கிறேன். சிரிக்க முடிகிறதே என்பதில் எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

2006 கோடையின் தொடக்கம். மரக்காணம் உப்பளங்களை ஒட்டி உள்பக்கமாகக் கொஞ்சம் வயல்கள் இருந்தன. சுனாமி அன்று கழிமுகம் வழியாக ஏறிவந்த கடல்தண்ணீர் அந்த வயல்களில் தேங்கி நின்றது. அடுத்த வருஷம் நல்ல மழை. உப்பெல்லாம் கழுவிக்கொண்டு போயிருக்கும் என்று நம்பிப் பயிர் வைத்தார்கள். பயிர் நுனி கருகி அப்படியே உட்கார்ந்துவிட்டது. இதற்கிடையில் வயலுக்கும் பழைய உப்பளத்துக்கும் நடுவே தரிசாகக் கிடந்த இடத்தில் ஒருவர் புதிதாகப் பாத்தி கட்டி உப்பு போட ஆரம்பித்திருந்தார். விவசாயிகளுக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா? புது அளத்து உப்புத்தண்ணீர்தான் வரப்புக்கு அடியில் கசிந்து எங்கள் வயலைக் கெடுக்கிறது, அளத்தை மூடுங்கள் என்று மனு கொடுத்தார்கள். முன்னால் நின்று கொடுத்தவர் தனசேகர் என்ற விவசாயி. அவருடைய கிணறும் கரித்துக் கிடந்தது.

மனு ஆர்.டி.ஓ.விடம் போனது. அவர் எங்கள் மையத்துக்குப் போன் செய்து, "மேலேர்ந்து பார்த்து, கசிவு இருக்கா இல்லையான்னு சொல்ல முடியுமா?" என்று கேட்டார். அவர் கேள்வியை முடிப்பதற்குள் நான், "ஓ, சொல்லலாமே!" என்றேன்.

அந்த நாட்களில் நான் அப்படித்தான் இருந்தேன். ரேடார் படங்கள் எங்கள் கைக்கு ஒழுங்காகக் கிடைக்கத் தொடங்கியிருந்த சமயம். மேகம் மறைத்தாலும் தெரியும், இருட்டிலும் தெரியும், ஈரமான மண் வெளிச்சமாகவும் காய்ந்த மண் மங்கலாகவும் விழும். யாராவது மண் என்று சொன்னாலே போதும், நான் குதிக்க ஆரம்பித்துவிடுவேன். கணக்கும் சுலபமாகத்தான் தெரிந்தது. மழையே இல்லாத மாதம், பயிரும் இல்லை, தண்ணீர் பாய்ச்சவும் இல்லை. அளத்தை ஒட்டிய வயல் படத்தில் வெளிச்சமாக இருந்தால் அது கசிவு. இல்லாவிட்டால் இல்லை. இதில் தப்பு நடக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

அந்த சாட்டிலைட் இருபத்துநாலு நாளைக்கு ஒருமுறை அதே வழியில் வரும். மரக்காணத்தைக் கடப்பது காலை ஆறேகால் மணிக்கு. அது மேலே பார்க்கிற அதே நேரத்தில் கீழே நாம் மண்ணை டப்பாவில் எடுத்து மூடி, பிறகு எடை போட்டு, காயவைத்து, மறுபடி எடை போட்டு, படம் சொல்வது சரியா என்று பார்க்க வேண்டும். முப்பது இடம், முப்பது அலுமினிய டப்பா. இதற்கு ஆறு பெண்களைக் கூலிக்குப் பிடித்தேன். எல்லாரும் அந்தப் புது அளத்திலேயே வேலை செய்பவர்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவர் அஞ்சலை. என் வயதுதான் இருக்கும். பாத்தியை மிதிப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்பார்கள். சீசன் ஆரம்பிக்கும் முன் பாத்தியின் களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்து, ஒரு சொட்டுத் தண்ணீர் கீழே இறங்காதபடி இறுக்குவது ஒரு வேலை. மாதக்கணக்கில் அந்த வேலை செய்த பாதங்கள் அவருடையவை. இதை நான் நன்றாகப் பார்த்தேன், போட்டோவும் எடுத்தேன், ஆனால் மண்டைக்குள் ஏற்றிக்கொள்ளவில்லை.

முந்தின நாள் சாயங்காலம் அவர்களுக்கு விளக்கம் சொன்னேன். "மேலேர்ந்து சாட்டிலைட் படம் எடுக்கும். ஆறேகாலுக்கு. கரெக்டா அதே டைமுக்கு நாம மண்ணை எடுக்கணும். ஒரு நிமிஷம் தவறக் கூடாது." எல்லாரும் ஒழுங்காகத் தலையாட்டினார்கள். புதுச்சேரியில் தங்கியிருந்த அறைக்குப் போய் முப்பது டப்பாவுக்கும் சீட்டு எழுதி ஒட்டினேன். இடத்தின் எண், தேதி, நேரம். நேரம் என்ற இடத்தில் முப்பதிலும் '6.15' என்று அழகாக எழுதினேன். காலையில் அவசரத்தில் எழுத நேரம் இருக்காதல்லவா? இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என் மடத்தனத்தில் டாட்டா காட்டியது சும்மா வேடிக்கை. உண்மையான குற்றம் இதுதான்.

மறுநாள் எங்கள் ஜீப் அளத்து மேட்டில் ஏறியபோது மணி ஐந்தே முக்கால். ஆறு பேரும் தயாராக நின்றார்கள். தயாராக என்றால், கல்யாணத்துக்குப் போகத் தயாராக. அரக்கு, மயில்பச்சை, மாம்பழ மஞ்சள் என்று ஆளுக்கொரு நிறம். தலை நிறைய மல்லியும் கனகாம்பரமும். முகத்தில் பவுடர். அஞ்சலை, மகள் சடங்குக்கு எடுத்த பட்டுப்புடவையில் இருந்தார்.

"என்ன அஞ்சலை இது? மண்ணு அள்ளணுமே!" என்றேன்.

"அள்ளலாம் மேடம். மண்ணு எங்க ஓடியா போயிடப்போவுது? மொதல்ல படம் எடுக்கட்டும். சர்க்காரு படம், அழுக்குப் புடவையோட நின்னா நல்லாவா இருக்கும்?"

ஜீப் ஓட்டிவந்த பஷீர் பாய் கோட்டக்குப்பத்துக்காரர். அவராவது எனக்குத் துணைக்கு வருவார் என்று திரும்பிப் பார்த்தேன். மனுஷர் ஜீப் கண்ணாடியில் தலை வாரிக்கொண்டிருந்தார்.

"எந்தப் பக்கத்துலேர்ந்து மேடம் வருது?" என்று கேட்டார் அஞ்சலை.

"வடக்கேர்ந்து தெக்க போகும்."

"ஏ, எல்லாரும் வடக்கப் பார்த்து நில்லுங்கடி!"

மணி ஆறு பதினாலு. அந்த நிமிஷத்தில் நான் அதட்டியிருக்க வேண்டும். டப்பாவைக் கையில் திணித்து வயலுக்குத் துரத்தியிருக்க வேண்டும். ஆனால் கடல் பக்கம் அப்போதுதான் வெளுத்துக்கொண்டு வந்தது. பாத்திகளில் எல்லாம் வானம் விழுந்து கிடந்தது. ஆறு பெண்கள் வரப்பின் மேல் வரிசையாக நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒன்றுமே தெரியாத வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குள் என்னவோ கிளுகிளுவென்று பொங்கியது. நானும் ஓடிப்போய் வரிசையின் கடைசியில் நின்றேன். "சிரிங்க, சிரிங்க, மேலயே பாருங்க" என்று பஷீர் பாய் போட்டோ ஸ்டுடியோக்காரர் மாதிரி கத்தினார். நான் கையைத் தூக்கி ஆட்டினேன். உடனே ஆறு கைகள், பஷீர் பாயுடையதோடு ஏழு கைகள்.

"எடுத்துட்டுதா?"

"எடுத்துடுச்சு!"

ஒரே கைதட்டல். அப்புறம்தான் மண் அள்ளும் ஞாபகம் வந்தது. நல்ல புடவையோடு வயலில் இறங்க முடியுமா? எல்லாரும் வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு, டீ குடித்து, திரும்பி வந்தபோது எட்டரை. வெயில் சுள்ளென்று அடித்தது. முப்பது டப்பாவையும் நிரப்பி முடித்தபோது பத்து மணி. மூடியில் இருந்த '6.15' அப்படியே இருந்தது. திருத்தலாம் என்று பேனாவைக்கூட எடுத்தேன். 'ரெண்டு மூணு மணி நேரத்தில் மண் என்ன மாறிவிடப் போகிறது' என்று சொல்லிக்கொண்டு பேனாவை மூடிவிட்டேன்.

படம் வந்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்து ஆடினேன். கேலி இல்லை, நிஜமாகவே ஆடினேன், பக்கத்து அறையிலிருந்து வந்து பார்த்தார்கள். அளத்து வரப்பில் தொடங்கி வயலுக்குள் அரைக் கிலோமீட்டர் தூரத்துக்கு விசிறி விரித்த மாதிரி ஒரே வெளிச்சம். இதைவிடத் தெளிவாக ஒரு கசிவைப் பாடப்புத்தகத்தில்கூட வரைய முடியாது. அதற்கு நீல நிறம் கொடுத்து வரைபடம் போட்டேன். எவ்வளவு அழகான நீலம் தெரியுமா? பார்க்கிறவர்களுக்கு எல்லாம் டாஃபி கொடுத்தேன்.

டப்பாக்களின் எடை மூன்றாம் நாள் வந்தது. முப்பதும் வறண்டு கிடந்தன. இப்போது நீங்கள் எல்லாரும் மனதுக்குள் சிரிக்கிறீர்கள், தெரிகிறது. சிரியுங்கள். ஆனால் இதே நிலைமை உங்களுக்கும் வரும். ஒரு பக்கம் அழகான படம், இன்னொரு பக்கம் பிடிவாதமான முப்பது டப்பா. எதை நம்புவீர்கள்? நான் படத்தை நம்பினேன். டப்பா மூடி சரியில்லை, ஜீப்பில் வரும்போது ஈரம் ஆவியாகிவிட்டது என்று முடிவு கட்டினேன். மூடியில் எழுதியிருந்த நேரம் பொய் என்று உலகத்தில் தெரிந்த ஒரே விஞ்ஞானி நான்தான். அந்த ஒரே விஞ்ஞானி அதைச் சௌகரியமாக மறந்துபோனாள்.

ஆர்.டி.ஓ.வுக்கு நானே போன் செய்தேன். "கசிவு இருக்குது சார். நல்லாவே இருக்குது."

"சந்தேகமே இல்லையா மேடம்? இதை வெச்சு அளத்தை மூடச் சொல்லி ஆர்டர் போடணும்."

"சந்தேகமே இல்லை சார்."

எங்கள் தலைவர் அதிகம் பேசாத மனிதர். வரைபடத்தைப் பார்த்தார், என் டாஃபியையும் வாங்கிக்கொண்டார். "டப்பா என்ன சொல்லுது?" என்று மட்டும் கேட்டார். மூடி சரியில்லை என்றேன். "அப்போ நல்ல மூடியா வாங்கிக்கிட்டு இன்னொரு தடவை போயிட்டு வாம்மா" என்று சொல்லிவிட்டு டாஃபியைப் பிரித்தார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் அவர் சொன்னதால் போனேன்.

அடுத்த தடவை சாட்டிலைட் வரும் நாளும், மரக்காணத்தில் இரு தரப்பையும் வைத்து ஆர்.டி.ஓ. கூட்டம் போட்டிருந்த நாளும் ஒன்றாகவே அமைந்தன. காலை ஆறேகாலுக்குப் படம், பதினோரு மணிக்குக் கூட்டம். எனக்கு ஏக குஷி. புது மூடி போட்ட டப்பாக்களோடு கூட்டத்துக்குள் நுழைவதாகக் கற்பனை செய்துகொண்டு முந்தின நாள் மதியமே போய்ச் சேர்ந்தேன். ஆறு பெண்களும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"எங்க மேடம் எங்க படம்?"

கறுப்பு வெள்ளைப் படத்தின் பிரதி ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். நீல வரைபடத்தைக் காட்டவில்லை. அது ஆபீஸ் சமாசாரம், இவர்களிடம் எதற்கு என்று நினைத்தேன். இந்தப் பெண்கள் வேலை செய்யும் அளத்தைத்தான் அது மூடப் போகிறது என்பது எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது. தெரியாமல் எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். நானும் வாங்கிக் குடித்தேன்.

படத்தைத் தரையில் விரித்து ஆறு பேரும் குனிந்து தேடினார்கள். பாத்திகள் கறுப்புக் கட்டங்களாகத் தெரிந்தன. ஆட்கள் எங்கே? இந்தப் படத்தில் ஒரு புள்ளிக்குள் ஒரு வீடே அடங்கிவிடும், ஆள் தெரியாது என்று விளக்கினேன். அஞ்சலைக்கு முகம் வாடிவிட்டது, ஆனால் கொஞ்ச நேரம்தான்.

"அப்போ ஆளு சின்னது, அதான் தெரியல. பெருசா ஏதாவது இருந்தா தெரியும், இல்ல மேடம்?"

"ரொம்ப ரொம்பப் பெருசா இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் புதுச்சேரிக்குப் போய்விட்டேன்.

மறுநாள் இந்த முறை நான் கறார். ஆறேகாலுக்கு முப்பது டப்பாவும் வயலில் நிரம்பின. பட்டுப்புடவை இல்லை, டாட்டா இல்லை. வேலை முடிந்து மேட்டுக்குத் திரும்பியபோது அஞ்சலை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். வண்டிகள் வந்து திரும்பும் காய்ந்த மண்வெளியில், பத்து ஆள் நீளத்துக்கு ஒரு பாதம் கிடந்தது. ஐந்து விரல்களும் குதிகாலும் உள்ளங்கால் வளைவுமாக, கடலிலிருந்து ஒரு ராட்சசி எழுந்து வந்து ஒற்றைக்கால் வைத்துவிட்டுப் போனது மாதிரி இருந்தது. நேற்று சாயங்காலம் ஆறு பேரும் சேர்ந்து போட்டார்களாம். யார் பெயரின் முதல் எழுத்தைப் போடுவது என்று முதலில் சண்டை. கடைசியில், எல்லாருக்கும் பொதுவாகப் பாத்தி மிதிக்கிற காலையே போட்டுவிடலாம் என்று தீர்ப்பாகியிருக்கிறது.

"எப்பிடி மேடம்?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பஷீர் பாய், "யா அல்லா, இது எத்தினாம் நம்பர் செருப்பு?" என்றார். சிரிப்பு அடங்கின பிறகுதான் உற்றுப் பார்த்தேன். பாதம் முழுவதும் கறுப்பாக, சொதசொதவென்று ஈரமாக இருந்தது. சுற்றியிருந்த மண் எல்லாம் தூசி.

"ஏன் இவ்வளவு தண்ணி ஊத்தினீங்க?"

"தண்ணியா? ஒரு சொட்டு ஊத்தல மேடம். பாத்தி அடியில சுரண்டுன அழுக்கு உப்பு கிடந்துது, அத்த வாரிப் போட்டோம். சாயங்காலம் வெள்ளையாத்தான் இருந்துது."

"அப்புறம் எப்படி ஈரம்?"

அஞ்சலை என்னை ஒரு மாதிரி பார்த்தார். "விடிகாலையில உப்பு தண்ணி விடாதா மேடம்? கடக்காத்து அடிக்குதே. வெயில் ஏறுனா காஞ்சிடும்."

இந்த வாக்கியத்தை அவர் சொன்ன விதம் இருக்கிறதே, 'சூரியன் கிழக்கே உதிக்கும்' என்று ஒரு குழந்தைக்குச் சொல்வது போல. என் சமையலறையிலும் உப்பு ஜாடி இருக்கிறது. மழைக்காலத்தில் அதுவும் கசிகிறது. அப்படியிருந்தும் எனக்கு ஒரு முழு நிமிஷம் தேவைப்பட்டது. காற்றில் இருக்கும் ஈரத்தை உப்பு இழுத்துக்கொள்கிறது. ஆறேகாலுக்கு ஈரம், எட்டரைக்கு வறட்சி. வயலில் இருப்பதும் உப்பு ஏறிய மண். சாட்டிலைட் வருவதும் ஆறேகாலுக்கு.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பார்கள். எனக்குக் கால் மட்டும் நன்றாக ஓடியது. வயலுக்கு ஓடினேன். செருப்பால் மண்ணைக் கீறினேன். மேலே கறுத்த, ஈரமான பொருக்கு. அதற்குக் கீழே ஒரு விரல் ஆழம் போனதும் சாம்பல் மாதிரி காய்ந்த மண். பத்தடி தள்ளிக் கீறினேன், அதேதான். அஞ்சலை மண்வெட்டியோடு பின்னாலேயே வந்து, எதற்கென்று கேட்காமல் நான் காட்டிய இடத்தில் எல்லாம் வெட்டிக் கொடுத்தார். முழங்கால் ஆழத்துக்கு ஆறு குழி. கசிவு என்றால் கீழே போகப் போக ஈரம் ஏற வேண்டும். ஒரு குழியிலும் மண் கையில் ஒட்டவில்லை. மணி எட்டாகும்போது பாதமும் வயலும் வெளுத்துப்போய் வெயிலில் மின்னின. என் அழகான நீலம் முழுவதும் கடல்காற்று குடித்த உப்பு. சுனாமித் தண்ணீர் எதுவரை நின்றதோ அதுவரை விசிறி விரிந்திருந்தது, அவ்வளவுதான்.

மூன்று மணி நேரத்தில் கூட்டம். உங்களிடம் பொய் சொல்லப் போவதில்லை, முதலில் தோன்றியது பேசாமல் இருந்துவிடலாம் என்பதுதான். படம் பொய் இல்லையே, ஆறேகாலுக்கு மண் ஈரமாகத்தானே இருந்தது? வேண்டுமானால் பிறகு ஒரு திருத்த அறிக்கை அனுப்பிக்கொள்ளலாம். இப்படி எனக்குள் ஒரு வக்கீல் எழுந்து அருமையாக வாதாடினான். பஷீர் பாய், "மேடம், நாஷ்டா பண்ணலையா?" என்று மூன்று தடவை கேட்டார். இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்காமல் அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். அஞ்சலையோ அளத்தில் இறங்கி எதையோ சொல்லிச் சிரித்தபடி உப்பு வாரிக்கொண்டிருந்தார்.

கூட்டத்தில் ஆர்.டி.ஓ.வின் முன்னால் தட்டச்சு செய்த உத்தரவு கிடந்தது. அதன் பின்னால் என் நீல வரைபடம் குத்தியிருந்தது. தனசேகரும் இன்னும் நாலு விவசாயிகளும் ஒரு பக்கம், அளத்துக்காரர் இன்னொரு பக்கம். செய்தி எப்படியோ கசிந்து, அளத்து ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வாசலில் கூடத் தொடங்கியிருந்தார்கள். ஆர்.டி.ஓ. பேனாவைத் திறந்தார். நான் எழுந்தேன்.

"சார், கையெழுத்து போடாதீங்க. என் மேப் தப்பு."

அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. "நீங்கதானே மேடம் சந்தேகமே இல்லைன்னு சொன்னீங்க?"

"சொன்னேன் சார். தப்பா சொன்னேன். படம் எடுத்தது ஆறேகாலுக்கு. நான் மண்ணெடுத்தது பத்து மணிக்கு. சீட்டுல ஆறேகால்னு எழுதி வெச்சிட்டேன். காஞ்ச மண்ணு உண்மையைச் சொல்லுச்சு, நான் மூடியைக் குத்தம் சொன்னேன்."

சொல்லி முடித்ததும் என்னை அறியாமல் ஒரு சிரிப்பு வந்துவிட்டது. பயத்தில் வந்த சிரிப்புதான். ஆனால் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கிய சந்தோஷமும் அதில் இருந்தது. தனசேகர் மேசையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"ஏம்மா, அப்போ என் கேணி கரிக்குதே, அது பொய்யா? பயிரு கருகுனது பொய்யா?"

"பொய் இல்லைங்க. உங்க நிலத்துல உப்பு இருக்குது. ஆனா அது அளத்துலேர்ந்து வரல. அலை வந்த அன்னிக்கு ஏறின உப்பு, இன்னும் இறங்கல. நம்பலைன்னா வாங்க. இந்த மேப்புல எந்த இடம் நல்ல நீலமா இருக்குதோ, அந்த இடத்தை நீங்களே காட்டுங்க. நீங்களே வெட்டுங்க."

உச்சி வெயிலில் மூன்று வண்டிகள் வயலுக்குப் போயின. பின்னாலேயே அளத்து ஆட்களும் நடந்து வந்தார்கள். தனசேகர் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்து, திருப்பிப் பிடித்து, அடர்ந்த நீலத்தில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியைப் போட்டார். முழங்கால் ஆழம் வந்தது. தூசி. தொடை ஆழம். தூசி. கோபத்தில் அவர் நிறுத்தவே இல்லை. வெட்டி வெட்டி வாரி வீசியதில் ஆர்.டி.ஓ.வின் வெள்ளைச் சட்டை மண் நிறமாகிவிட்டது. இடுப்பளவுக் குழிக்குள் நின்றுகொண்டு மூச்சு வாங்க ஒரு பிடி மண்ணை எடுத்துக் கசக்கினார். அது விரல் இடுக்கில் பொலபொலவென்று உதிர்ந்தது.

"இந்த மிஷினுக்கு எத்தினி ஆழம் தெரியும்?" என்று குழிக்குள்ளிருந்தே கேட்டார்.

"ரெண்டு விரல் ஆழம்."

"ரெண்டு விரலா? அத்த அன்னிக்கே சொல்லியிருந்தா நான் கூட்டத்துக்கே வந்திருக்க மாட்டேனேம்மா!"

முதலில் சிரித்தவர் ஆர்.டி.ஓ. அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை, தனசேகர் உட்பட. அளத்து வரப்பை ஒட்டி நாலடி தூரத்துக்கு மட்டும் மண் நிஜமாகவே நனைந்திருந்தது. அங்கே அளத்துக்காரர் செலவில் ஒரு வடிகால் வெட்ட வேண்டும், வயல்களில் மழைத்தண்ணீரைத் தேக்கி உப்பைக் கழுவ வேளாண்மைத் துறை உதவ வேண்டும் என்று அங்கேயே முடிவாயிற்று. அளத்தை மூடும் உத்தரவை ஆர்.டி.ஓ. நாலாகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. தப்பு செய்தவள் நான், ஆனால் ஏதோ போட்டியில் ஜெயித்த மாதிரி எல்லாரிடமும் கைகுலுக்கிக்கொண்டு திரிந்தேன்.

அப்போதுதான் அஞ்சலையைப் பார்த்தேன். அளத்து ஆட்கள் என்னைக் கும்பிட்டார்கள். மேடம் வந்து தடுக்காவிட்டால் அளம் போயிருக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அஞ்சலை மட்டும் கும்பிடவில்லை. கையில் அந்த நீல வரைபடம் இருந்தது. தனசேகர் குழி வெட்டும்போது வரப்பில் வைத்ததை எடுத்திருக்கிறார். பாத்திக் கட்டங்கள் எங்கே இருக்கும் என்று நேற்று நானே அவருக்குக் காட்டியிருந்தேன். அதனால் அவருக்குப் புரிந்துவிட்டது.

"இத்தால தான் மூட இருந்தாங்களா மேடம்?"

"ஆமா."

"இது நீங்க போட்டதா?"

கும்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். "நான் போட்டதுதான். உங்களை வெச்சு மண்ணெடுத்துப் போட்டது. நேத்து மோர் குடிக்கிறப்பவே எனக்குத் தெரியும். சொல்லல" என்றேன்.

அஞ்சலை கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். அவர் வரைபடத்தை நீளவாக்கில் மடித்தார், இன்னொரு மடிப்பு மடித்தார், என்னிடமே நீட்டினார்.

"விடிகாலையில உப்பு தண்ணி விடும்னு இந்த அளத்துல யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாங்களே மேடம். இருபத்துநாலு நாளு இருந்துதே. ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

நான் வரைபடத்தை வாங்கிக்கொண்டேன். அவர் பதிலுக்கு நிற்கவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பில் இறங்கி நடந்தார். பாத்தியில் அவருக்கு வேலை இருந்தது.